பே ஸ்லிப் இல்லாத வேலை

லண்டனில் ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, டூட்டிங் பக்கத்துத் தமிழ்ப் பலசரக்குக் கடைகளில் டில்லில் நிற்பவர்களிலும், பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் விடியுமுன் ராக்கைகளை நிரப்புபவர்களிலும் புலம்பெயர்ந்து வந்த பெண்கள் எத்தனையோ பேர். வீட்டுக்குப் பக்கம், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடலாம், ஆங்கிலம் அதிகம் தேவையில்லை என்றுதான் இந்த வேலைக்கு வருகிறார்கள். அதே காரணங்களைக் காட்டித்தான் கூலியும் குறைக்கப்படுகிறது. "மணிக்கு எட்டுப் பவுண்ட், கையிலே காசு தாறன்" என்று தெரிந்த அண்ணை சொல்லும்போது மறுத்துப் பேச நாக்கு எழாது. வந்த புதிதில் உதவி செய்தவராகவும் இருப்பார்.

அந்தத் தயக்கத்தின் விலையைக் கணக்குப் பார்க்கவேண்டும். 21 வயது நிறைந்தவர்களுக்கு பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலி 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 12.71 பவுண்ட். எட்டுப் பவுண்டுக்கு வாரம் 30 மணி நேரம் நிற்பவர் வாரந்தோறும் 141 பவுண்டை இழக்கிறார். குறைந்த கூலிக்குச் சம்மதம் என்று அவரே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது.

சம்பளத்தைக் காசாகத் தருவது குற்றமில்லை. பே ஸ்லிப் தராமல் விடுவதுதான் சட்டமீறல். மணிக்கணக்கில் கூலி வாங்குபவர் என்றால் வேலை செய்த மணிகளும் அதில் இருக்கவேண்டும். இந்தத் துண்டுக் காகிதத்தின் அருமை பல வருடம் கழித்துத்தான் பலருக்குத் தெரிகிறது. கர்ப்பமானதும் மகப்பேற்றுக் கொடுப்பனவுக்கு வருமானச் சான்று கேட்பார்கள். ஊரிலிருந்து கணவரை அழைக்க ஆண்டு வருமானம் 29,000 பவுண்ட் என்று காட்டவேண்டியிருக்கும். கணக்கில் வராத காசு அதில் சேராது. முதுமையில் அரசு ஓய்வூதியம் கிடைக்க, தேசியக் காப்புறுதியில் குறைந்தது பத்து ஆண்டுகள் பதிவாகியிருக்கவேண்டும், முழுத் தொகைக்கு வழக்கமாக 35 ஆண்டுகள். இருபது வருடம் கடையில் நின்ற ஒரு பெண்ணின் பெயரில் ஒரு வருடம்கூடப் பதிவில்லாமல் போகலாம். கண்ணெதிரே நடக்கும் கொள்ளை என்றே இதைச் சொல்வேன்.

பெயர்பெற்ற கடைகளிலும் கவனம் வேண்டும். ஷட்டரைத் திறக்கவும், டில் காசை எண்ணவும், வெளியேறுமுன் பையைச் சோதிக்கவும் காத்திருக்கவைக்கும் நிமிடங்கள் வேலை நேரமே. கறுப்புக் காற்சட்டையை உங்கள் காசில் வாங்கச் சொன்னால், அந்தச் செலவைக் கழித்த பிறகும் கூலி குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக்கூடாது. டில்லில் காசு குறைந்தால் பிடிப்பதற்கு முன்கூட்டியே எழுத்து மூல உடன்பாடு வேண்டும். அப்படிப் பிடித்தாலும், வேலையை விடும் கடைசிச் சம்பளம் தவிர, ஒரு சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொட முடியாது. பகுதி நேரக்காரருக்கும் வருடத்தில் 5.6 வாரச் சம்பள விடுமுறை உண்டு.

2021 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அஸ்டா சூப்பர் மார்க்கெட் வழக்கில், பெரும்பாலும் பெண்களான கடை ஊழியர்கள் தங்கள் ஊதியத்தைப் பெரும்பாலும் ஆண்களான கிடங்கு ஊழியர்களின் ஊதியத்தோடு ஒப்பிடலாம் என்று தீர்ப்பளித்தது. டில்லில் நிற்பது லேசான வேலை என்ற பழைய எண்ணத்துக்கு எதிராகப் பல்லாயிரம் பெண்கள் ஒன்றாக நின்றதால்தான் வழக்கு அவ்வளவு தூரம் போனது. உங்கள் கடையில் 'உஸ்டோ' போன்ற தொழிற்சங்கம் இருந்தால் சேர்ந்துவிடுங்கள்.

அநியாயம் நடந்தால் ஒரு கொப்பியில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வாங்கிய காசு ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். ரோட்டாவைப் படம் எடுத்துவையுங்கள், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்கவேண்டாம். பிறகு வேலை உரிமைகள் பற்றி இலவச ஆலோசனை தரும் ஏகாஸ் அமைப்பின் உதவி எண் 0300 123 1100 இல் கேளுங்கள். குறைந்தபட்சக் கூலிப் புகாரில் உங்கள் பெயரை முதலாளிக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்கலாம். அரசின் அமலாக்கப் பிரிவு ஆறு ஆண்டுகள் வரையான நிலுவையை வாங்கித் தரமுடியும். அந்தக் கூலியைக் கேட்டதற்காக உங்களை வேலையிலிருந்து நீக்குவதும் சட்டவிரோதம். தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் கெடு குறுகியது: பெரும்பாலான விஷயங்களில் மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. 2025 இன் புதிய சட்டம் அதை ஆறு மாதமாக நீட்ட வழிசெய்கிறது, ஆனால் அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று கேட்டறியாமல் நம்பியிருக்காதீர்கள். "அண்ணை அடுத்த மாதம் தருவார்" என்று பொறுத்திருந்தே பலர் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

விசாச் சிக்கல் உள்ளவர்கள் மட்டும் வேறு வரிசையில் நடக்கவேண்டும். பட்டப்படிப்பு மாணவர் விசாவில், படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரமே அனுமதி. அதை மீறவைத்துவிட்டு "ஹோம் ஒபிசுக்குச் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் புகார் கொடுக்குமுன் குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரையோ சட்ட உதவி நிலையத்தையோ பாருங்கள். கடவுச்சீட்டைப் பிடித்துவைக்க எந்த முதலாளிக்கும் உரிமையில்லை. அதைத் தர மறுத்தாலோ, வெளியே போகவிடாமல் தடுத்தாலோ, நவீன அடிமைமுறை உதவி எண் 08000 121 700 க்கு அழையுங்கள்.