கைமாறும் ஆட்டக்காரர்

இன்றைய பேச்சு விளையாட்டைப் பற்றியது. ஆயினும் ஆட்டத்தின் விதிகளைப் பற்றியதன்று. தாம் நேசிக்கும் அணி தோற்கத் தொடங்கியதும், "இவரை விலக்கு, அவரை வாங்கு" என்று இரசிகர் இரவு பகலாய் வாதிடுகின்றனரே, அந்த வாதத்தைப் பற்றியது.

எல்லவிலிருந்து தெமோதரை வழியாகப் பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையின் இருமருங்கிலும் உள்ள தோட்டங்களில், கடல் கடந்த சென்னை அணிக்கு அன்பர் பலர் உளர். இந்தியன் பிரீமியர் லீக் போட்டியில் ஐந்து முறை வாகை சூடிய சென்னை சூப்பர் கிங்ஸ், 2025ஆம் ஆண்டில் ஆடிய 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, பத்து அணிகளுள் பத்தாவதாக நின்றது. அவ்வணியின் வரலாற்றில் அதுவரை நேராத தாழ்வு அது. பிறகு வாதத்துக்குக் கேட்கவா வேண்டும்? கொழுந்து நிறுக்கும் இடத்திலும், தேநீர்க் கடையிலும், பஸ் தரிப்பிடத்திலும் ஆளுக்கொரு பட்டியல். வயது முதிர்ந்தோரை நீக்குக என்பார் ஒரு சாரார். முதிர்ந்தோரால் வந்த கிண்ணங்களை மறந்தீரோ என்பார் மறு சாரார்.

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் வாதத்துக்கு நெய் வார்த்தாற்போல ஒரு செய்தி வந்தது. சென்னை அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ரோயல்ஸ் அணிக்குக் கொடுத்து, அதன் தலைவராயிருந்த சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. ஜடேஜா 2012இல் சென்னைக்கு வந்தவர். 2023இன் இறுதி ஆட்டத்தில், கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, ஆறும் நான்குமாக அடித்துக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தவர். அவரையா கொடுப்பது என்று கண் கலங்கினோர் உண்டு. விக்கெட் காப்பிலும் துடுப்பிலும் வல்ல ஓர் இளையவர் கிடைத்தது நன்றே என்றோரும் உண்டு.

இத்தகைய பரிமாற்றம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம். ஓர் அணி தன் வீரர் அனைவருக்கும் செலவிடத்தக்க தொகைக்கு வரம்பு உண்டு. 2026ஆம் ஆண்டுப் போட்டிக்கு அது 125 கோடி இந்திய ரூபா. எனவே ஒருவரை வைத்திருப்பதென்றால், அவருடைய ஊதியத்தால் வாங்கக்கூடிய வேறு சிலரை இழப்பதென்பதே பொருள். சாம்சனின் ஊதியம் 18 கோடி. ஜடேஜாவின் ஊதியம் பரிமாற்றத்தின்போது 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைக்கப்பட்டது. கரனுடையது 2 கோடியே 40 இலட்சம். கூட்டிப் பார்த்தால், சென்னைக்கு 1 கோடியே 60 இலட்சம் கூடுதற் செலவு. இருவர் சென்று ஒருவர் வந்தார். இக்கணக்கை எவரும் கற்பிக்காமலே நம் இளைஞர் விரல்நுனியில் வைத்திருப்பது வியப்பளிக்கிறது. கடன் வட்டியைக் கணக்கிடுவதிலும் அவ்வளவு கூர்மை காட்டினால் எத்துணையோ நன்று என்று சில தந்தையர் முணுமுணுப்பதும் பொய்யன்று.

இனி, இரசிகரின் கணிப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்ற வினாவுக்கு வருவோம். நாணயம் ஒன்றைப் பதினான்கு முறை சுண்டுவதாகக் கொள்க. தலை நான்கு முறையோ அதனினும் குறைவாகவோ விழுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது. பத்துப் பேர் ஆளுக்குப் பதினான்கு முறை சுண்டினால், அவர்களுள் ஒருவருக்கு அவ்வாறு நேர்வது இயல்பே. அணிகளோ பத்து, ஆட்டங்களோ பதினான்கு. அவ்வாண்டுச் சென்னை அணியில் குறையே இல்லை என்று யான் சொல்ல வரவில்லை, குறைகள் கண்கூடு. ஆயினும், பதினான்கு ஆட்டங்களை மட்டும் வைத்து ஒருவரின் ஆற்றல் அற்றுப்போயிற்று என்று தீர்ப்பளிப்போர், மழையில்லா ஒரு மாதத்தைக் கண்டு தேயிலைச் செடியைப் பிடுங்கச் சொல்வோரை ஒப்பர்.

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் அரிய சான்று உண்டு. மார்வன் அத்தப்பத்து 1990ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியாவுக்கெதிராகத் தமது முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். இரு இன்னிங்சிலும் ஓட்டமில்லை. விலக்கப்பட்டார். 1992இல் மீண்டும் வந்தார். ஒன்றில் பூச்சியம், மற்றதில் ஓர் ஓட்டம். மறுபடியும் விலக்கப்பட்டார். 1994இல் மூன்றாம் முறை, இரண்டு பூச்சியங்கள். ஆறு இன்னிங்சில் அவர் எடுத்த மொத்த ஓட்டம் ஒன்றே ஒன்று! இவருக்கு இன்னொரு வாய்ப்பா என்று எவரேனும் கேட்டிருந்தால், அவரைக் குறை கூற முடியுமா? அத்தப்பத்துவோ 90 டெஸ்ட் ஆட்டங்களில் 5,502 ஓட்டங்களும், 16 சதங்களும் பெற்றே ஓய்ந்தார். அச்சதங்களுள் ஆறு இரட்டைச் சதங்கள். இலங்கை அணியின் தலைவராகவும் விளங்கினார். தெரிவாளர் அவரை மும்முறை அழைத்தது, அவர் எடுத்த ஓட்டத்தைக் கண்டன்று. அவர் துடுப்பைப் பிடித்த செம்மையைக் கண்டு.

விலக்கப்பட்டவரின் விலை ஏறுவதும் உண்டு. மதீஷ பத்திரண சென்னை அணி 13 கோடி ரூபாவுக்குத் தக்கவைத்திருந்த இலங்கையர். 2025இல் அவருடைய பந்துகளில் ஓட்டங்கள் மிகுதியாகப் போயின. அணி அவரை விடுவித்தது. அடுத்த மாதமே அபுதாபியில் நடந்த ஏலத்தில் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அவரை 18 கோடிக்கு எடுத்தது. ஒருவர் கண்ணுக்குச் சருகாகத் தோன்றியது மற்றொருவர் கண்ணுக்குத் துளிராகத் தோன்றுகிறது.

இவ்வாணிபத்தில் மிகப் பழுத்த அனுபவம் உடையோர் அமெரிக்கர். நம் துடுப்பாட்டத்துக்கு உறவுமுறையில் ஒன்றுவிட்ட சகோதரன் போன்ற பேஸ்போல் ஆட்டத்தில், வீரரைக் கொடுத்து வாங்குதல் நெடுங்காலமாக நிகழ்ந்து வருகிறது. 1964ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சிக்காகோ கப்ஸ் அணி, லூ புரொக் என்ற இளைஞரைச் சென். லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குக் கொடுத்து, ஏர்னி புரோலியோ என்ற பந்து வீச்சாளரைப் பெற்றது. புரோலியோ முந்திய ஆண்டில் 18 ஆட்டங்களை வென்றவர். புரொக்கோ அவ்வாண்டு துடுப்பெடுத்த நூறு முறையில் இருபத்தைந்து முறையே நல்லடி அடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தார். சிக்காகோவுக்கே ஆதாயம் என்று பலரும் எண்ணினர். புதிய அணியில் புரொக் நூற்றுக்கு முப்பத்தைந்து என்னும் அளவுக்கு உயர்ந்தார். அவ்வாண்டே அவ்வணி வாகை சூடிற்று. பின்னர் அவர் மூவாயிரத்துக்கு மேற்பட்ட நல்லடிகளைப் பெற்றுப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். புரோலியோ சிக்காகோவுக்காக வென்றவை ஏழே ஆட்டங்கள். அந்நாட்டில் இழப்பான பேரம் எதையும் இன்றும் இவ்விருவர் பெயரால் சுட்டுவர்.

அதே கார்டினல்ஸ் அணியில், புரொக்கின் அருகே நடுப்புறக் களத்தைக் காத்து நின்றவர் கேர்ட் ஃப்ளட் என்ற கறுப்பினத்தவர். பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வணிக்கே உழைத்தவர். 1969ஆம் ஆண்டு அக்டோபரில், தாம் பிலடெல்பியா அணிக்குக் கொடுக்கப்பட்டுவிட்டதாகத் தொலைபேசியில் கேட்டறிந்தார். எவரும் அவரிடம் விருப்பம் கேட்கவில்லை. கேட்கவேண்டுமென்ற விதியும் இல்லை. ஒரு முறை ஓர் அணியில் கையொப்பமிட்ட வீரர், அவ்வணி விற்கும்வரை அல்லது விலக்கும்வரை அதற்கே உரியவர் என்பது அக்காலத்து நடைமுறை. ஃப்ளட் மறுத்தார். வாங்கவும் விற்கவும் கூடிய உடைமையன்று தாம் என்ற கருத்துப்பட, அவ்வாண்டு டிசம்பரில் ஆட்டத்தின் ஆணையாளருக்குக் கடிதம் எழுதினார். பின்னர் வழக்குத் தொடுத்தார். ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் டொலர் பெறுபவருக்கு அடிமைப் பேச்சு எதற்கு என்று ஏளனம் செய்தோர் பலர். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு மூவர் என்ற கணக்கில் அவருக்கெதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்வும் முடிந்தது. ஆனால் அடுத்த ஆண்டிலேயே, பத்தாண்டுகள் ஆடி, அவற்றுள் கடைசி ஐந்தாண்டுகளை ஒரே அணியில் கழித்தவரை அவர் இசைவின்றிக் கைமாற்றலாகாது என்ற விதி ஏற்பட்டது. 1975இல், ஒப்பந்தக் காலம் முடிந்தவர் தாம் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமையும் பிறந்தது.

நேயர்களே, ஃப்ளட்டின் கதை ஊவாவின் மலைகளில் வாழ்வோருக்குப் புதிதாகத் தோன்றாது. நம் முன்னோர் காலத்தில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளி ஒருவர் ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக எண்ணினால், அவர் பேரில் எழுதப்பட்ட கடன் தொகையைக் குறித்துத் தோட்டத்துரை ஒரு துண்டு தருவார். பெரிய கங்காணி அத்துண்டுகளை எடுத்துக்கொண்டு மற்றொரு துரையிடம் செல்வார். அத்தொகையை அவர் செலுத்தினால் ஆட்கள் கைமாறுவர். கடன் தீராது, புதிய தோட்டத்தின் கணக்கில் ஏறும், பெரும்பாலும் முன்னிலும் பெருகியே ஏறும். 1865ஆம் ஆண்டின் சட்டப்படி, அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவது தண்டனைக்குரிய குற்றம். துண்டு முறையும் அத்தண்டனையும் 1921இல் ஒழிக்கப்பட்டன. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலம் எழுந்ததும் அதே ஆண்டிலேதான். பின்னர் 1964இல், இரண்டு அரசாங்கங்கள் அமர்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று எண் பேசி முடித்தன. எண்ணப்பட்டோரைக் கலந்தார் எவருமிலர்.

கோடி பெறும் ஆட்டக்காரரையும் நாட்கூலி பெற்ற தொழிலாளியையும் ஒரே தராசில் வைப்பது தகாது என்பர். ஊதியத்தால் ஒப்புமை இல்லைதான். ஆயின் தம்மைக் கேளாமலே தம்மைப் பற்றிய பேரம் நடைபெறுவது இருவருக்கும் பொதுவன்றோ? இந்தியப் போட்டியில் இன்று வீரரின் இசைவின்றிப் பரிமாற்றம் செய்ய இயலாது. இது ஃப்ளட் காணாத பேறு. ஆனால் வீரர் தாமாகவே வேறோர் அணியை நாடிப் பேசவும் இயலாது. ஜடேஜாவே இதற்குச் சான்று. தொடக்கத்தில் அவர் ராஜஸ்தான் அணியில்தான் ஆடினார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியினருடன் பேச முற்பட்டார் என்பதற்காக, 2010ஆம் ஆண்டுப் போட்டி முழுவதிலிருந்தும் அவர் விலக்கப்பட்டார். அன்று தாமாக வெளியேற முயன்றபோது தண்டனை கிடைத்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் அதே அணிக்கு அவர் ஈடாகக் கொடுக்கப்பட்டார்.

பேரத்துக்கு அப்பாற்பட்ட சக்திகளும் வீரரின் வழியில் குறுக்கிடுவதுண்டு. தேயிலைத் தோட்டத்துக்குத் தமிழகத்திலிருந்து வந்தவரின் பேரர் முத்தையா முரளிதரன். போட்டி தொடங்கிய 2008இல் அவரைச் சென்னை அணியே எடுத்தது. 2010இல் கிண்ணம் வென்ற அணியிலும் அவர் இருந்தார். அவர் பெங்களூர் அணிக்கு ஆடிய 2013இலோ, இலங்கை வீரர் எவரும் சென்னையில் ஆடலாகாது என்று தமிழக அரசு கூற, போட்டியை நடத்துவோர் அதற்கு இணங்கினர். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மாண்டோரை எண்ணி எழுந்த சினம் அது; அதன் காரணத்தை யான் சிறுமைப்படுத்தேன். எனினும், பாட்டனார் புறப்பட்ட நாட்டின் தலைநகரிலே பேரர் பந்து வீசத் தடையுற்றது மலையகத்தாரின் நெஞ்சில் தைத்தது.

ஊவாவுக்கென்று ஓர் அணி இருந்ததுண்டா என்று இளைய நேயர் சிலர் கேட்கக்கூடும். இருந்தது. 2012இல் ஏழு மாகாணங்களின் பெயரால் நடந்த இலங்கைப் பிரீமியர் லீக் போட்டியில் 'ஊவா நெக்ஸ்ட்' என்ற அணி ஆடியது. ஆகஸ்ட் 31ஆம் நாள், மழை குறுக்கிட்ட இறுதி ஆட்டத்தில், கிழக்கு மாகாண அணியை வென்று கிண்ணத்தையும் பெற்றது. சம்பியன்ஸ் லீக் போட்டிக்காகத் தென்னாபிரிக்கா வரை சென்றது. ஆட்டங்கள் யாவும் கொழும்பிலும் பல்லேகலையிலுமே நடந்தன. பதுளையில் ஒன்றேனும் நடைபெறவில்லை. மறு ஆண்டு, அணிகளின் உரிமையாளர் பணப் பிணையை உரிய காலத்தில் செலுத்தாமையால் போட்டியே கைவிடப்பட்டது. 2020இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக் போட்டியில் கொழும்பு, தம்புள்ளை, காலி, யாழ்ப்பாணம், கண்டி ஆகிய ஐந்து அணிகள் இடம்பெற்றன. ஊவாவின் பெயர் அதில் இல்லை. ஆகவே எல்லவில் ஓர் இளைஞர் எவரை விற்பது, எவரை வாங்குவது என்று வாதிடவேண்டுமாயின், இன்றும் சென்னையைப் பற்றியோ யாழ்ப்பாணத்தைப் பற்றியோதான் வாதிட வேண்டியிருக்கிறது.