பள்ளிக்கூடத்தை எருது பூட்டி இழுத்த ஊர்

அமெரிக்காவில் பொதுப் பள்ளிகள் எப்படி வந்தன என்று கேட்டால் முதலில் சொல்லப்படும் பெயர் ஹோரஸ் மான். 1837-இல் மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளரான அவர், வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி, பயிற்சி பெற்ற ஆசிரியர், முதலாளி வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் என்ற திட்டத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓயாமல் உழைத்தார். அந்தப் பெருமை அவருக்கு உரியதே. ஆனால் அந்தப் பள்ளியின் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்தது அவரால் அல்ல. அதைத் திறக்க வைத்தவர்கள் அடிமை முறையை எதிர்த்தவர்கள். அவர்களிலும் முக்கியமாகக் கறுப்பின மக்கள்.

தெற்கு மாநிலங்களின் பண்ணை எசமானர்களுக்கு எழுத்தறிவின் வலிமை நன்றாகத் தெரிந்திருந்தது. பாஸ்டனில் டேவிட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் அடிமை முறையை எதிர்த்து 1829-இல் வெளியிட்ட சிறு நூல் ரகசியமாகத் தெற்கே பரவியதும், மறு ஆண்டே வட கரோலினா அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதைத் தடை செய்தது. 1831-இல் வர்ஜீனியாவில் கிளர்ச்சி நடத்திய நாட் டர்னரும் படிக்கத் தெரிந்தவர்தான். பால்டிமோரில் அடிமைச் சிறுவன் ஃபிரெடரிக் டக்ளஸுக்கு எசமானி எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்க, படித்தவன் அடிமையாக இருக்க மாட்டான் என்று கணவர் தடுத்தார். காதில் விழுந்த அந்த வார்த்தையையே டக்ளஸ் பிடித்துக்கொண்டார். தெருவில் பசியோடு திரிந்த வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து, பதிலுக்குப் பாடம் கேட்டார்.

வடக்கில் அடிமை முறை ஏறத்தாழ ஒழிந்திருந்தது, வெறுப்பு ஒழியவில்லை. கனெக்டிகட்டின் கான்டர்பரி ஊரில் பெண்கள் பள்ளி நடத்திய ப்ரூடன்ஸ் கிராண்டல், சாரா ஹாரிஸ் என்ற கறுப்பினப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். வெள்ளைப் பெற்றோர் தங்கள் பெண்களை நிறுத்தினார்கள். கிராண்டல் பணியவில்லை, 1833-இல் கறுப்பினப் பெண்களுக்கென்றே பள்ளியைத் திறந்தார். கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். பள்ளிக் கிணற்றில் சாணத்தைக் கொட்டினார்கள். வெளிமாநிலக் கறுப்பினத்தவருக்கு ஊர் சம்மதமின்றிப் பாடம் நடத்துவது குற்றம் என்று சட்டமே வந்தது. கிராண்டல் ஓர் இரவு சிறையிலும் இருந்தார். 1834 செப்டம்பரில் ஒரு கும்பல் இரவில் புகுந்து ஜன்னல்களை நொறுக்கிய பிறகுதான் பள்ளியை மூடினார். நியூ ஹாம்ப்ஷயரின் கானான் ஊரில் இரு இனத்தவரும் சேர்ந்து படித்த நோயெஸ் அகாடமிக்கு 1835-இல் நேர்ந்தது இன்னும் கொடுமை. எருதுகளைப் பூட்டி, கட்டடத்தையே அஸ்திவாரத்திலிருந்து பெயர்த்து இழுத்துப் போனார்கள். அது திடீர் ஆத்திரத்தில் நடந்ததல்ல. ஊர்க்கூட்டம் போட்டு முடிவெடுத்துச் செய்தது. அதனால்தான் அதை மன்னிக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட காலத்தில் மான் வேறென்ன செய்திருக்க முடியும், இனப் பிரச்சினையைத் தொட்டிருந்தால் பொதுப் பள்ளித் திட்டமே கவிழ்ந்திருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மான் அடிமை முறையை வெறுத்தவர். 1848-இல் நாடாளுமன்றம் போனதும் அதை எதிர்த்து வெளிப்படையாகப் பேசினார். செயலாளராக இருந்தவரை மட்டும் அந்தப் போராட்டத்தின் நிழல்கூடப் பள்ளிகள்மேல் விழாமல் பார்த்துக்கொண்டார். ஆனால் அவர் அஞ்சியது நடக்கவில்லை. பாஸ்டனில் ஐந்து வயது சாரா ராபர்ட்ஸ், கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்ட பள்ளிக்குப் போக வழியில் ஐந்து வெள்ளையர் பள்ளிகளைக் கடக்க வேண்டியிருந்தது. தந்தை பெஞ்சமின் வழக்குப் போட்டார். சார்லஸ் சம்னரும் கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மோரிஸும் வாதாடினார்கள். 1850-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கறுப்பினப் போராளி வில்லியம் கூப்பர் நெல்லும் பெற்றோர்களும் ஓயவில்லை. மனுமேல் மனுவாகக் கொடுத்து, 1855-இல் பள்ளிகளில் இனப் பிரிவினையை மாநிலச் சட்டத்தாலேயே நீக்க வைத்தார்கள். பாஸ்டன் பள்ளிகள் குலைந்துபோய்விடவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் காலம் தானாகக் கனிந்தது என்று சொல்வது நெல்லுக்குச் செய்யும் அநீதி.

அடிமைகளின் விடுதலைக்குப் பிறகு தெற்கில் எழுந்த பள்ளிகள் வடக்கத்தியப் பாதிரிமார்களின் தர்மம் என்பது இன்னொரு வாதம். பணமும் ஆசிரியர்களும் வந்தது உண்மை. ஆனால் வர்ஜீனியாவின் மன்றோ கோட்டையருகே 1861-இல், உள்நாட்டுப் போர் நடக்கும்போதே, தப்பி வந்த அடிமைகளுக்குப் பாடம் நடத்திய மேரி பீக் ஒரு கறுப்பினப் பெண். போருக்கு முன்பே சட்டத்தை மீறி ரகசியமாகக் கற்பித்து வந்தவர். 1868-இல் சார்ல்ஸ்டன் நகரில் கூடிய தென் கரோலினா அரசியல் சாசன மாநாட்டில் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். பலர் முன்னாள் அடிமைகள். அதுவரை அந்த மாநிலம் ஏழை வெள்ளையருக்குப் போட்டதெல்லாம் பிச்சைக்காசு போன்ற உதவிதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசு செலவில் பள்ளி என்ற கடமையைச் சாசனத்தில் எழுதியது இந்த மாநாடு. பலன் வெள்ளை ஏழைப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பின்னர் ஆட்சியைப் பிடித்த வெள்ளை ஆதிக்கவாதிகள் 1895-இல் புதுச் சாசனம் எழுதினார்கள். கறுப்பினத்தவரின் வாக்கைப் பறித்தார்கள், பள்ளிகளைப் பிரித்தார்கள். பொதுப் பள்ளி என்ற ஏற்பாட்டை மட்டும் அவர்களாலும் சாசனத்திலிருந்து எடுக்க முடியவில்லை.