பின்கோடு: ஒரு வேலைப் பங்கீட்டின் கதை

சில ஆண்டுகளுக்கு முன், மாஹேயில் இருக்கும் பழைய நண்பருக்கு என் மகளின் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினேன். மாஹே புதுச்சேரியைச் சேர்ந்ததுதானே என்று 605-இல் தொடங்கும் எண்ணைப் போட்டுவிட்டேன். பத்திரிகை கிழக்குக் கரைக்குப் போய், பிறகு மேற்குக் கரைக்குத் திரும்பி, அவர் கைக்குக் கிடைத்தபோது மறுவீட்டு விருந்தே முடிந்திருந்தது. "என்னைக் கூப்பிடணும்னு தோணலையா?" என்று கேட்டார். தபால்துறையைத் திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, தப்பு என்னுடையது. மாஹேயின் எண் 673310. அது கோழிக்கோட்டு வரிசை!

அதேபோல் யானத்தின் எண் 533464. ஆந்திரக் கோதாவரி வரிசை. தமிழ்நாட்டு விழுப்புரமோ 605602, புதுச்சேரி வரிசை. தஞ்சாவூருக்கு 613, பக்கத்துக் கும்பகோணத்துக்கு 612. வரைபடத்தை வைத்துப் பார்த்தால் குழப்பமாக இருக்கும். தபால் பை போகும் வழியை வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இந்த எண் ஊரின் அடையாளம் அல்ல. வேலையை யார் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற உத்தரவு.

மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர் வகுத்த முறை இது. 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. (அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட!) ஒரே பெயரில் பல ஊர்கள், முகவரி எழுதப் பல எழுத்துகள். நம் அப்பா தமிழில் முகவரி எழுதிப் போட்ட கடிதத்தை டில்லியில் யார் படிப்பது? ஆனால் 1, 2, 3 என்ற இலக்கங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும்; 9 ராணுவத் தபால். முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்று, கடிதத்தைப் பட்டுவாடா செய்யும் தபால் நிலையம். வழியில் பிரிப்பவருக்குக் கடைசி மூன்று தேவையில்லை. தன் பங்குக்கு உரியதைப் பார்த்துப் பையில் போட்டால் போதும். ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் சேர்ந்து வேலை செய்வது இப்படித்தான்.

2025 மே மாதம் டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீடு வந்தது. ஏறக்குறைய நான்கு மீட்டர் சதுரத்தைக்கூட அது துல்லியமாகச் சுட்டும். அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து வருவதால் இடத்தைச் சொல்லும். எந்தத் தபால் நிலையம் கொண்டுபோய்க் கொடுக்கும் என்பதைச் சொல்லாது. அதனால்தான் பின்கோடு அப்படியே இருக்கிறது.

ஆறு இலக்கமும் தபால் நிலையத்து வாசலோடு சரி. 110022 என்று போட்டால் கடிதம் டில்லி ராமகிருஷ்ணபுரம்வரை வந்துவிடும். அதற்குமேல் தபால்காரர் பாடு. "மெட்ராஸ்காரங்க அடுத்த செக்டருக்கு மாறிட்டாங்க" என்பது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவர் லீவில் போனால் நம் கடிதம் 'முகவரியில் இல்லை' என்று திரும்பிப் போகும்.