94-இல் முட்டி நிற்கும் இணையம்

கட்டணம் கட்டுவது 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு. (டாக்டர் படிப்பல்ல, நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு.) ரூட்டர் பக்கத்தில் நின்று போனில் சோதித்தால் முந்நூறும் வருகிறது. மாடி அறைக்குக் கேபிள் இழுத்துக் கணினியில் செருகினால் மட்டும் 94. காலையிலும் 94, நள்ளிரவிலும் 94. புகார் சொன்னால் ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்வார்கள். போட்ட பிறகும் 94தான்.

அந்த எண்ணிலேயே துப்பு இருக்கிறது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், கயிறு திரித்ததுபோல இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1000-க்கு, அதாவது ஒரு கிகாபிட்டுக்கு, நான்கும் வேண்டும். நூறுக்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்திருந்தாலோ, அதை ஜாக்கின் பல் சரியாகக் கடிக்காமல் போனாலோ, பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். அதில் முகவரி, பிழை சரிபார்ப்பு போன்றவை தின்றது போக மிஞ்சுவதுதான் 94 சொச்சம். இணைப்பு அடியோடு நின்றிருந்தால் அன்றே ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். ஓடிக்கொண்டிருப்பதால் வருஷக்கணக்கில் யாரும் கண்டுகொள்வதில்லை.

ஒரு எச்சரிக்கை: ரூட்டரின் துளையே நூறுக்கு மேல் போகாத ரகமாகவும் இருக்கலாம். மலிவு ரூட்டர்கள் சிலவற்றில் வைஃபை வேகத்தை அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். துளையின் வேகம் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் கேபிளைக் குறை சொல்ல வேண்டும்.

கம்பிகளை முறுக்குவது புதிய யோசனை அல்ல. தொலைபேசிக் கம்பிகளுக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். முறுக்கிய ஜோடியில் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்கும். வாங்கும் முனை இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் இரைச்சல் கழிந்துவிடும்.

கடைக்குப் போனால் கேபிள் ரகங்களைக் கேட் (கேட்டகரி) 5இ, 6, 6ஏ, 7, 8 என்று அடுக்குவார்கள். எண் ஏறினால் இணையமும் வேகமாகும் என்ற நினைப்பில் நல்ல வியாபாரம் நடக்கிறது. உண்மையில் கேட் 5இ 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட்டைத் தாங்கும்; 2016-இல் வந்த தர விதிப்படி இரண்டரை கிகாபிட்டும் அதில் ஓடும். கேட் 6 சுமார் 55 மீட்டர் வரை 10 கிகாபிட் கொண்டுபோகும். மொட்டை மாடி வரை இழுத்தாலும் சாதாரண வீட்டில் அத்தனை நீளம் தேவைப்படாது. கேட் 8 என்பது தரவு மையங்களுக்கானது, அதன் முழு வேகத்துக்கு 30 மீட்டர்தான் எல்லை. முந்நூறு எம்பிபிஎஸ் வீட்டுக்கு அதை வாங்குவது, தெருமுனைக் கடைக்குப் போக லாரி பிடிப்பதுபோல. புதிதாகச் சுவருக்குள் புதைக்கிறவர்களுக்குக் கேட் 6 தாராளம். நன்றாக ஓடும் பழைய 5இ-யைப் பிடுங்க வேண்டியதே இல்லை.

எண்ணைவிட முக்கியம், உள்ளே இருப்பது செம்பா என்பது. விலை குறைந்த கேபிள்களில் பல, அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம் பூசியவை. அட்டையில் சிசிஏ என்று போட்டிருக்கும், சிலவற்றில் அதுவும் இராது. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய 60 சதவீதம் அதிகம். நாலு தடவை மடக்கினால் ஒடியவும் செய்யும். கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் கண்காணிப்புக் கேமராவுக்கு இதைப் போட்டால் கம்பி சூடாகும், மின்னழுத்தமும் குறையும். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாக மின்னும். செம்பென்றால் எவ்வளவு சுரண்டினாலும் செம்பு நிறமே.

பதிக்கும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. பைப் ஒன்று மிச்சமாகட்டும் என்று கரண்ட் வயரோடு சேர்த்தே இணையக் கேபிளையும் எலக்ட்ரீஷியன் இழுத்துவிடுவார். இரைச்சல் மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் அது கேடு. தனிப் பைப்தான் வேண்டும். வெயில்படும் வெளிச்சுவரில் வெளிப்புறப் பயன்பாட்டுக்கென்று விற்கும் கறுப்பு உறைக் கேபிள் வேண்டும்.

மிச்சச் சூட்சுமம் ஜாக்கில். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்பது வழக்கமான வரிசை. நீல ஜோடியை நடுவில் விட்டுப் பச்சை ஜோடி இரு பக்கமும் பிரிந்து நிற்கும். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று நினைத்துப் வெள்ளை-பச்சையையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் மூன்றாம், ஆறாம் இடங்களில் சேர்ந்து வேலை செய்யும் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்படாதவை. பெல் கண்ட பயன் அங்கே அற்றுப்போகிறது. கேபிள் நீள நீளக் கோளாறு தலைகாட்டும்.

அதனால் 94-இல் முட்டி நிற்கும் வீட்டில் முதலில் செலவழிக்க வேண்டியது இரண்டு ஜாக்குகளுக்கு. இரு முனையையும் ஓரங்குலம் வெட்டிவிட்டு, முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம். சுவரை உடைப்பது பற்றிய பேச்சு அதற்கப்புறம்.