கையில் தொழில் இருந்தால் கேட் திறக்கும்!
கும்மிடிப்பூண்டி-வள்ளூர் வாலிபர்களுக்கு வாழ்வு தரும் தொழிற்பயிற்சி
புரோக்கரிடம் பணம் கட்டி ஏமாற வேண்டாம்

கும்மிடிப்பூண்டி-

காலை 6 மணி. மின்சார ரெயில் வந்து நிற்கிறது. டிபன் கேரியரும் கையுமாக ஒரு கூட்டம் இறங்கி சிப்காட் பக்கம் நடக்கிறது.

அதே நேரத்தில் ஆலை கேட் முன்னால் இன்னொரு கூட்டம் நிற்கிறது. இவர்கள் கையில் டிபன் கேரியர் இல்லை. வேலை கிடைக்குமா என்று பார்க்க வந்தவர்கள். சுற்று வட்டார கிராமத்துப் பையன்கள்.

காவலாளி கேட்பது ஒரே கேள்விதான்.

"என்னப்பா தொழில் தெரியும்?"

"எந்த வேலை குடுத்தாலும் செய்வேண்ணே."

அங்கேதான் சிக்கல். 'எந்த வேலையும்' என்றால் அதற்கு ஆலையில் ஒரே பெயர்தான். ஹெல்பர்! கான்டிராக்டர் கூப்பிட்டால் வேலை உண்டு. கூப்பிடாத அன்று வீட்டில் அடுப்பு எரியாது.

"பிட்டர்", "வெல்டர்", "எலக்ட்ரீசியன்" என்று பதில் சொல்கிறவனை மட்டும் காவலாளி உள்ளே அனுப்பி வைக்கிறார்.

புகை இங்கே, வேலை எங்கே?

தமிழ்நாட்டில் தொழில் வளர்க்க 1971-ம் ஆண்டு சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டது. அது அமைத்த பெரிய பேட்டைகளில் ஒன்று கும்மிடிப்பூண்டி. இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி இழுக்கும் ஆலைகள், ரசாயன ஆலைகள் என்று வரிசையாக நிற்கின்றன.

தெற்கே மீஞ்சூரை அடுத்த வள்ளூரில் அனல் மின் நிலையம். மத்திய அரசின் என்.டி.பி.சி.யும் தமிழக மின் வாரியமும் சேர்ந்து அமைத்தது. 500 மெகாவாட் வீதம் 3 யூனிட்டுகள். ஆக 1,500 மெகாவாட். முதல் யூனிட் 2012-ல் ஓடத் தொடங்கியது.

சாம்பலும் புகையும் சுற்று வட்டார மக்களுக்கு. கொசஸ்தலை ஆற்றில் மீனும் இறாலும் பிடித்தவர்களின் பிழைப்பு கெட்டு விட்டது. "எங்க பிள்ளைகளுக்கு வேலை எங்கே?" என்ற கேள்வி இந்தப் பக்கத்தில் ஓயவே இல்லை.

நியாயமான கேள்விதான். ஆனால் கொதிக்கும் உலை முன்னாலும், உயர் அழுத்த மின்சாரம் பாயும் இடத்திலும் தொழில் தெரியாத பையனை நிறுத்த முடியாது. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இந்த இடைவெளியை அடைப்பதுதான் தொழிற்பயிற்சி.

8-ம் வகுப்பு போதும்

ஐ.டி.ஐ. என்பது புதிய விஷயம் அல்ல. கைத்தொழில் பயிற்சி திட்டத்தை மத்திய அரசு 1950-ம் ஆண்டே தொடங்கி விட்டது.

வெல்டர், ஒயர்மேன் படிக்க 8-ம் வகுப்பு தேறினால் போதும். பிட்டர், எலக்ட்ரீசியன் படிக்க 10-ம் வகுப்பு தேற வேண்டும். வெல்டருக்கு ஒரு வருடம். மற்ற மூன்றுக்கும் 2 வருடம். 14 வயது நிரம்பி இருக்க வேண்டும். ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு. பெண்களுக்கு வயது வரம்பே இல்லை.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சி இலவசம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. சீருடை, ஷூ, பாடப்புத்தகம், சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் அரசே தருகிறது. அரசு பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்து விட்டு ஐ.டி.ஐ. சேரும் மாணவிக்கு 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இது 2022-ல் வந்தது. மாணவனுக்கு அதே தொகை 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில். இது 2024-ல் வந்தது.

ரெயில் ஏறினால் வட சென்னை ஐ.டி.ஐ.க்கும் அம்பத்தூர் ஐ.டி.ஐ.க்கும் போய் விடலாம்.

அரம் பிடித்த கை

உள்ளே போன முதல் நாளே பெரிய எந்திரத்தில் கை வைக்க விட மாட்டார்கள். பிட்டர் பையனுக்கு முதலில் கிடைப்பது ஓர் அரமும் ஓர் இரும்புத் துண்டும். அதை நாலா பக்கமும் சமமாக ராவ வேண்டும். கை காய்த்துப் போகும். "இதுக்கா வந்தோம்?" என்று சலித்து ஓடி விடுகிற பையன்களும் உண்டு.

நின்றவன் பிழைத்தான். அந்தத் துண்டை அளக்கும்போதுதான் மைக்ரோமீட்டர் கைக்கு வருகிறது. ஒரு மில்லி மீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கூட கண்டுபிடிக்கப் பழகி விடுகிறான். ஆலை தேடுவது இந்தக் கையைத்தான்.

இப்போது காலம் இன்னும் மாறி விட்டது. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீன மையங்களாக மாற்ற 2022-ல் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் தமிழக அரசு ஒப்பந்தம் செய்தது. மதிப்பு சுமார் 2,877 கோடி ரூபாய். ரோபோ, கம்ப்யூட்டர் லேத், மின்சார வாகனம் எல்லாம் பாடமாக வந்து விட்டன.

30 பேர் இருந்தால் கட்டாயம்

பயிற்சி முடித்து சர்டிபிகேட் வாங்கியதும் அடுத்த படி அப்ரண்டிஸ். இதற்கு 1961-ம் வருட சட்டம் இருக்கிறது.

30 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். மொத்த ஆட்களில் நூற்றுக்கு இரண்டரை முதல் 15 பேர் வரை. 200 பேர் வேலை செய்யும் ஆலை என்றால் குறைந்தது 5 பையன்கள். மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகை என்று 2019-ல் விதி திருத்தப்பட்டது. வேலையில் அடிபட்டால் நஷ்டஈடும் உண்டு.

ஒன்றை மறைக்கக் கூடாது. அப்ரண்டிஸ் முடித்தால் அதே ஆலையில் வேலை நிச்சயம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் அந்த அனுபவ சர்டிபிகேட் அடுத்த கேட்டைத் திறக்கும்.

தடுக்கும் காகிதம்

எல்லோருக்கும் இந்தப் படி எளிதாக இல்லை.

அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையாக கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகளுக்கு ஒதுக்கீட்டில் இடம் உண்டு. ஆனால் பழங்குடி சான்றிதழை ஆர்.டி.ஓ. தர வேண்டும். அப்பனுக்கே சான்றிதழ் இல்லாத வீட்டில் பிள்ளை எதைக் காட்டுவான்? அந்த ஒரு காகிதத்துக்காக அலைந்து அலைந்து மறுபடி சூளைக்கே போகிற கொடுமை நடக்கிறது.

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகளின் கதை வேறு. படிப்பு இருக்கிறது. குடியுரிமை இல்லை. பட்டம் வாங்கியவர்கள் கூட பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். முகாம்வாசிகள் 5,000 பேருக்கு தொழில் பயிற்சி தரப்படும் என்று 2021 ஆகஸ்டில் சட்டசபையில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். பிரஷ் பிடித்த கைக்கு சர்டிபிகேட் கிடைத்தால் கூலியும் கூடும், மரியாதையும் கூடும்.

உஷார்!

வேலை தேடும் வீட்டைச் சுற்றி வருபவன் புரோக்கர். "மேனேஜர் நம்ம ஆள். பணத்தைக் கட்டுங்க, திங்கட்கிழமை வேலை" என்பான். தாலியை அடகு வைத்துக் கொடுத்த பிறகு போனை எடுக்க மாட்டான். திங்கட்கிழமை வரவே வராது.

பயிற்சி மையம் என்று போர்டு மாட்டியவர்களிடமும் எச்சரிக்கை தேவை. "முடித்தால் என்ன சர்டிபிகேட்? அரசு அங்கீகாரம் உண்டா?" இந்த இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். கேட்டதும் கோபப்பட்டால் அந்த வாசலை மிதிக்கவே கூடாது. ஏமாந்தவர்கள் வெட்கப்படாமல் போலீசில் புகார் கொடுக்க வேண்டும்.

தாலுகா அலுவலகம் சான்றிதழை காலத்தில் தர வேண்டும். ஆலைகள் சட்டப்படி அப்ரண்டிஸ் எடுக்கின்றனவா என்று அதிகாரிகள் பார்க்க வேண்டும். பெற்றோர் ஒரே ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு பையனை ஹெல்பர் வேலைக்கு அனுப்பாமல் இருக்க வேண்டும்.

அதன் பிறகு காவலாளி கேட்கட்டும், "என்ன தொழில் தெரியும்?" என்று.

"வெல்டர்ண்ணே!"

கேட் திறக்கும்.