பழைய காரைத் திருத்துவதா, மாற்றுவதா?

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, ருவான்வெல்லையிலிருந்த எனக்கு என் பழைய மொறிஸ் மைனரைத் திருத்துவதன்றி வேறு வழி இருக்கவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது, வரிச்சுமையோ பெரிது.

நீலப்புகையைக் கண்டு மருண்டுவிடாதீர்கள். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எண்ணெய் எரிவதாலும் அது வரும்; வளையங்களை மாற்றலாம், சிலிண்டரையும் கடையலாம். முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் அடிப்புறத்தையே. மொறிஸ் மைனர் காருக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. உடற்கூடே பாரம் முழுவதையும் தாங்குகிறது. சப்பிரகமுவ மழையில் அது துருவேறி உளுத்துவிட்டால் புதுச் சாயம் வெறும் ஒப்பனைதான். பின்புற ஸ்பிரிங் பொருந்தியுள்ள இடத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தகடு பொடியாக உதிர்ந்தால், அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றி மலைப்பாதையில் இறங்காதீர்கள்.

என் வண்டி உதிரவில்லை. எஞ்சினைத்தான் கராஜில் பிரித்து வைத்திருக்கிறார்கள்.