மாட்டின் இதயத்தில் காத்திருக்கும் ஒட்டுண்ணி

இறைச்சி வெட்டும் இடங்களில் பச்சைக் கழிவை நாய்களுக்கு எறிவதை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது.

மாட்டின் இதயத் தசையில் ‘சார்கோசிஸ்டிஸ் குரூசி’ என்னும் ஒட்டுண்ணி, கண்ணுக்குத் தெரியாத சிறு பைகளாகத் தங்குகிறது. பைக்குள் இருக்கும் நுண்ணுயிர்களின் அனுசேபம் மிக மெதுவானது. அவை அமைலோபெக்டின் என்னும் மாப்பொருளை மணிமணியாகச் சேமித்து வைக்கின்றன. அடுத்த விலங்கைச் சென்றடையும்போது, நொதியங்கள் அதை உடைத்துச் சக்தி தருவதாகக் கருதப்படுகிறது.

அந்த அடுத்த விலங்குதான் நாய். பச்சை இதயத்தை உண்ட நாயின் குடலில் ஒட்டுண்ணி பெருகி, மலத்தோடு வெளியேறி, புல்லிலும் நீரிலும் கலந்து மீண்டும் மாட்டை அடைகிறது. நாயிடம் பெரும்பாலும் நோய்க்குறி தெரியாது. கடுமையாகத் தொற்றிய பசுவுக்கோ காய்ச்சல், இரத்தசோகை, பால் குறைவு, கருச்சிதைவு ஏற்படலாம். போருக்குப் பின் ஒன்றிரண்டு பசுக்களோடு மீண்டெழுந்த குடும்பத்துக்கு ஒரு கன்றின் இழப்பும் பெரிது.

இந்த இனம் மனிதரைத் தொற்றுவதில்லை. நன்றாகச் சமைத்தால் பைகளும் அழிந்துவிடும். எனவே நாய்க்கு இறைச்சியை அவித்தே கொடுங்கள். கழிவை ஆழமாகப் புதையுங்கள். மாட்டுத் தீவனத்தையும் தண்ணீரையும் நாய் அணுகாமல் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.